பாக்சர் நாய்: காவல் துறையில் பெயர் பெற்ற இனம் நம் தோப்புக் காவலுக்கு ஏற்றதா?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரித் தோப்பு, நிலக்கடலை, ஆட்டுப் பட்டி என்று மானாவாரிப் பண்ணையம் நடக்கிறது. ஊரை ஒட்டி செராமிக் தொழிற்பேட்டையும் சூளைகளும் உள்ளன. தோப்பு, களஞ்சியம், பட்டி, பட்டறை எல்லாவற்றுக்கும் இரவுக் காவல் தேவை. கூலிக்குக் காவலாள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், நல்ல காவல் நாய் ஒன்றை வாங்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்துள்ளது.

"சார், போலீஸ்ல இருக்குமே பாக்சர், அத வாங்கிப் போட்டா தோப்புக்கு ஆகுமா?" என்று எங்களிடம் பயிர் ஆலோசனைக்கு வரும் விவசாயிகள் கேட்கிறார்கள். குட்டியின் விலை, தீனி, தடுப்பூசி, வைத்தியம் என்று செலவு பிடிக்கும் முடிவு இது. தவறாக எடுத்தால் பணத்தோடு ஓர் உயிரும் போகும். எனவே இந்த இனத்தின் பூர்வீகம், திறமை, குறைகள், நம் ஊர் வெயிலில் அதை வளர்க்கும் முறை ஆகியவற்றை இங்கே பார்க்கலாம்.

பாக்சர் – சுருக்கமாக

• தாயகம்: ஜெர்மனி
• உயரம் (தோள் வரை): ஆண் 57 முதல் 63 செ.மீ., பெண் 53 முதல் 59 செ.மீ.
• எடை: ஆண் 30 கிலோவுக்கு மேல், பெண் சுமார் 25 கிலோ
• நிறம்: இளம்பழுப்பு அல்லது புலிவரி. முகத்தில் கருப்பு, மார்பிலும் பாதங்களிலும் வெள்ளை இருக்கலாம்
• ஆயுள்: பொதுவாக 9 முதல் 12 ஆண்டுகள்
• பலம்: குடும்பத்தோடு ஒட்டுதல், துணிவு, குழந்தைகளிடம் பொறுமை
• பலவீனம்: வெப்பம் தாங்காது, இதய நோயும் புற்றுக்கட்டிகளும் வரும் வாய்ப்பு அதிகம்

பூர்வீகம்

ஜெர்மனியில் காட்டுப் பன்றி, மான் போன்றவற்றை விரட்டிப் பிடித்து, வேட்டைக்காரர் வரும் வரை விடாமல் கவ்விக் கொள்வதற்கென்று புல்லன்பைசர் என்ற நாய் வகை இருந்தது. அதையும் இங்கிலாந்தின் புல்டாக் இனத்தையும் கலந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கப்பட்டதே பாக்சர். 1895-ல் மியூனிக் நகரில் இந்த இனத்துக்கான முதல் சங்கம் தொடங்கப்பட்டது. மேல்தாடையை விடக் கீழ்த்தாடை சற்று முன்தள்ளி இருப்பதும், மூக்கு குட்டையாக இருப்பதும் இந்தப் பரம்பரையில் வந்தவை.

காவல் துறையில் பாக்சர்

ஜெர்மனியில் காவல் பணிக்குத் தொடக்க காலத்திலேயே பயிற்சி அளிக்கப்பட்ட இனங்களில் பாக்சரும் ஒன்று. முதல் உலகப் போரில் செய்தி கொண்டு செல்லவும், சுமை சுமக்கவும், காவல் காக்கவும் பயன்பட்டது. அதன் திடமான உடற்கட்டு, பயமின்மை, தன்னைக் கையாள்பவரிடம் காட்டும் விசுவாசம் ஆகியவையே இந்தப் பெயரை வாங்கித் தந்தன.

இன்று நிலை வேறு. நம் நாட்டில் காவல் துறையிலும் துணை ராணுவப் படைகளிலும் பெரும்பாலும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், பெல்ஜியன் மாலினாய்ஸ் ஆகிய இனங்களையே பார்க்கிறோம். நீண்ட நேரம் மோப்பம் பிடித்தபடி வெயிலில் ஓட வேண்டிய வேலைக்கு நீண்ட மூக்கும் இலேசான உடலும் கொண்ட நாய்களே தாக்குப் பிடிக்கும். மேலும் பாக்சர் மனதளவில் முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 3 வயது ஆகும். அதுவரை குட்டி போலவே துள்ளிக் கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காவல் துறை நாயின் திறமை இனத்தால் மட்டும் வருவது அல்ல. மத்தியப் பிரதேசத்தின் டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் உள்ளது. பெங்களூரு அருகே தரளு என்ற இடத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாய் இனப்பெருக்க, பயிற்சிப் பள்ளி உள்ளது. இத்தகைய மையங்களில் குட்டியும் அதைக் கையாளும் காவலரும் சேர்ந்தே பல மாதங்கள் பயிற்சி பெறுகிறார்கள். அதன் பிறகும் அன்றாடப் பயிற்சி தொடர்கிறது. 'போலீஸ் நாய் ரகம்' என்று சொல்லி விற்கும் குட்டி, அந்தச் சொல்லால் போலீஸ் நாய் ஆகிவிடாது.

வீட்டுக் காவலுக்கு எப்படி?

வீட்டுக்குள் குடும்பத்தோடு வளரும் பாக்சர் மிக நல்ல காவல் நாய். தேவையில்லாமல் குரைக்காது. புது ஆள் வந்தால் முன்னே வந்து நின்று கவனிக்கும். வீட்டார் சொன்னால் அடங்கும். சிறு பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கும். ஆனால் 30 கிலோ எடையுள்ள நாய் விளையாட்டாகத் தாவினாலே குழந்தை கீழே விழும். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சிறு குழந்தையை அதனுடன் தனியே விட வேண்டாம்.

இந்த இனத்துக்குத் தனிமை ஆகாது. ஆள் இல்லாத தோப்பில் சங்கிலியில் கட்டிவிட்டு, காலையும் மாலையும் சோறு மட்டும் வைத்து வந்தால் அது ஏங்கிப் போகும். சில நாய்கள் ஓயாமல் குரைக்கும். சில கடிக்கத் தொடங்கும். நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

முக்கியப் பிரச்சினை வெயில்

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலமே உடல் சூட்டைத் தணிக்கிறது. உள்ளே போகும் காற்று மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. பாக்சரின் மூக்குக் குழல் குட்டையானது, ஒடுக்கமானது. அதனால் இந்தக் குளிர்விக்கும் வேலை சரிவர நடக்காது. காற்றில் ஈரப்பதம் கூடும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

விருத்தாசலம் பகுதியில் முந்திரி அறுவடை மார்ச் முதல் மே வரை நடக்கிறது. கொட்டை திருட்டும் அப்போதுதான். அதாவது, தோப்புக்குக் காவல் அதிகம் தேவைப்படும் மாதங்களும், பாக்சரால் வேலை செய்ய முடியாத மாதங்களும் ஒன்றே. நாயை வாங்கும் முன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

எனக்குத் தெரிந்த ஒரு முந்திரி விவசாயி நல்ல விலை கொடுத்து ஆண் குட்டி ஒன்றை வாங்கி ஒன்றரை வருடம் அருமையாக வளர்த்தார். அறுவடைச் சமயத்தில் தோப்பில் இருந்த தகரக் கொட்டகையில் கட்டினார். நிழலும் இருந்தது, சட்டியில் தண்ணீரும் இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மதியம் அவர் சாப்பிட்டுத் திரும்பியபோது நாய் சட்டியைக் கவிழ்த்துவிட்டு நாக்கு தொங்க விழுந்து கிடந்தது. வண்டியில் ஏற்றிய சிறிது நேரத்தில் இறந்துவிட்டது. "நெழல்லதான் சார் கட்டுனேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தகரத்தின் கீழே கிடைப்பது நிழல் மட்டும்தான். மேலிருந்து அனல் இறங்கிக் கொண்டே இருக்கும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லாமல் போனோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வெப்பத் தாக்கின் அறிகுறிகள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 105-ஐத் தாண்டினால் ஆபத்து. கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்.

• நிற்காத, சத்தமான மூச்சிரைப்பு
• கோந்து போல ஒட்டும் எச்சில்
• ஈறும் நாக்கும் அடர் சிவப்பாகி, பிறகு வெளிறி அல்லது நீலம் பாரித்தல்
• தள்ளாட்டம், வாந்தி, ரத்தக் கழிச்சல்
• வலிப்பு, மயக்கம்

உடனே செய்ய வேண்டியவை

1. காற்றோட்டமான நிழலுக்கு மாற்றவும். ஓடவோ நடக்கவோ விட வேண்டாம்.
2. குழாய் அல்லது கிணற்றுத் தண்ணீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றவும். வயிறு, தொடை இடுக்கு, பாதம் நன்றாக நனைய வேண்டும். கூடவே மின்விசிறியோ விசிறியோ கொண்டு காற்று வீசவும்.
3. ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது. சிறிது நேரத்தில் சாக்கே சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியேற விடாது.
4. தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுக்கவும். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.
5. வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவும்.
6. எழுந்து நின்றுவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகளின் பாதிப்பு மறுநாள் கூட வெளிப்படலாம்.

கொட்டகை அமைப்பு

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைத் தவிர்க்கவும். தென்னங்கீற்று அல்லது ஓட்டுக் கூரை நல்லது. ஏற்கெனவே தகரக் கூரை இருந்தால் அதன் மேல் கனமாகக் கீற்று வேயலாம். வேப்ப மரத்தடி சிறந்த இடம். எதிரெதிர்ப் பக்கங்களில் காற்று புகுந்து வெளியேற வழி இருக்க வேண்டும். தண்ணீரைக் கவிழாத சிமெண்டுத் தொட்டியில் வைக்கவும். இரண்டு இடங்களில் வைப்பது பாதுகாப்பு. கோடையில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை வீட்டுக்குள் விடுவதே மேல். நடைப்பயிற்சி விடியற்காலையிலும், தரை ஆறிய பிறகு இரவிலும் இருக்கட்டும்.

பட்டறை வைத்திருப்போர் சூளைச் சுவருக்கு அருகில் நாயைக் கட்டக் கூடாது. தீ அணைந்த பிறகும் சூளை நெடுநேரம் அனல் வீசும். பீங்கானுக்குப் பூசும் கலவைத் தொட்டிகளையும், அதைக் கழுவிய நீர் தேங்கும் குழிகளையும் மூடி வைக்கவும். தாகத்தில் நாய் அதைக் குடித்துவிடும்.

குட்டி வாங்கும்போது

• 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது.
• தாயையும், முடிந்தால் தகப்பனையும் நேரில் பாருங்கள். சும்மா இருக்கும்போதே குறட்டை போல மூச்சு வாங்கும் தாயின் குட்டியைத் தவிர்க்கவும்.
• மூக்குத் துளைகள் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.
• முழு வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு அதிகம். பின்னால் நின்று கை தட்டித் திரும்புகிறதா என்று பாருங்கள்.
• கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய் இதய ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். பாக்சர்களில் இதயத் தசை நோயும் வால்வுக் குறுக்கமும் பரம்பரையாக வரும். வளர்ந்த நாய் ஓடும்போது திடீரென மயங்கி விழுந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும்.
• காது, வால் வெட்டிய குட்டிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. தாய்நாடான ஜெர்மனியிலேயே அது தடை செய்யப்பட்டுவிட்டது.

தீனி

பழைய சோறும் தயிர் சோறும் மட்டும் கொடுத்துப் பாக்சரை வளர்க்க முடியாது. வளரும் குட்டிக்குப் புரதம் அவசியம். சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் வேகவைத்த முட்டை, கோழி இறைச்சி, காய்கறி சேர்க்கலாம். உப்பு, காரம் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும்.

வளர்ந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். மார்பு ஆழமான இனம் என்பதால் வயிறு உப்பி முறுக்கிக் கொள்ளும் ஆபத்து உண்டு. தின்றவுடன் ஓட விடாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதுவே சரியான உடல் எடைக்கு எளிய அடையாளம். கொழுத்த பாக்சருக்கு வெயில் இன்னும் ஆகாது.

தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்

6 முதல் 8 வார வயதில் முதல் கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். இது டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகியவற்றைத் தடுக்கும். எலி நடமாடும் களஞ்சியங்களில் எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்த ஊசியைக் கேட்டுப் போடுங்கள். 3 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் போட்டு, மருத்துவர் சொல்லும் காலத்தில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒரு முறையும் போட வேண்டும். உண்ணி மூலம் பரவும் காய்ச்சல் நம் பகுதியில் அதிகம். பட்டியில் உள்ள ஆடு மாடுகளுக்கும் நாய்க்கும் சேர்த்தே உண்ணி நீக்கம் செய்தால்தான் பலன் கிடைக்கும்.

ஆடு, மாடு வைத்திருப்போர் கவனிக்க

நாய் மூலம் கால்நடைக்கு வரும் நோய்களைப் பலர் அறிவதில்லை. ஆட்டை அறுத்ததும் தலை, ஈரல், நுரையீரல் போன்ற கழிவுகளைப் பச்சையாக நாய்க்குப் போடுவது நம் வழக்கம். அந்த உறுப்புகளில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருந்தால், அவை நாயின் குடலில் புழுவாக வளரும். நாய்ச் சாணத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லில் ஒட்டிக் கொள்ளும். அதை மேயும் ஆட்டின் மூளையில் கட்டி உண்டாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். வேறொரு நாடாப்புழுவின் முட்டை மனிதருக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வரும். அதற்கு அறுவை சிகிச்சை வரை தேவைப்படலாம்.

மாட்டின் நஞ்சுக்கொடியையும் செத்துப் பிறந்த கன்றையும் நாய் தின்றால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம். பின்னர் அந்த நாயின் சாணம் தீவனத்தில் கலந்தால் சினை மாடுகளில் கருச்சிதைவு ஏற்படும். ஆகவே, கழிவுகளை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவும். நாயைத் தீவனத் தொட்டியிலும் வைக்கோல் போரிலும் ஏற விடாதீர்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் அடங்கிய மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் ஆலோசனைப்படி கொடுக்கவும்.

பழக்கும் முறை

8 முதல் 16 வார வயதுதான் பழக்குவதற்கு முக்கியமான காலம். இந்த நாட்களில் குட்டியை ஆடு, மாடு, கோழி, டிராக்டர் சத்தம், தோப்பு வேலையாட்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அறிமுகப்படுத்த வேண்டும். உட்கார், நில், வா, விடு என்ற நான்கு சொற்களையும் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். செய்தவுடன் தட்டிக் கொடுத்து ஒரு துண்டு தீனி தாருங்கள். அடித்தால் பாக்சர் முரண்டு பிடிக்கும் அல்லது பயந்து போகும்.

ஆட்களை ஏவிச் சீண்ட வைத்து 'கடிக்கப் பழக்கும்' முறை கூடவே கூடாது. பயிற்சி பெற்ற காவலர் கையில் இருக்கும் நாய் 'விடு' என்றால் விடும். நம் வீட்டு நாய் விடாது. கடிபடுபவர் பெரும்பாலும் பால்காரரோ கூலி வேலைக்கு வந்தவரோ பக்கத்து வீட்டுக் குழந்தையோதான்.

நிலக்கடலைக் கொல்லையில் காட்டுப் பன்றியை விரட்டவும் பாக்சரை ஏவ வேண்டாம். பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். நாய் விட்டுக் காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நம் இனங்களையும் பாருங்கள்

திறந்தவெளித் தோப்புக் காவலுக்கு என் பரிந்துரை நம் நாட்டு இனங்களே. தேனி மாவட்டம் கோம்பையைச் சேர்ந்த கோம்பை நாய் செம்பழுப்பு உடலும் கருத்த முகமுமாகப் பார்வைக்கே பாக்சரை நினைவூட்டும். ஆனால் மூக்கு நீளமானது, வெயில் தாங்கும். காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர் போனது. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம் உயரமான வெள்ளை நாய், வீட்டுக் காவலுக்கு உகந்தது. இதிலும் செவிட்டுக் குட்டிகள் உண்டு என்பதால் சோதித்து வாங்கவும். சிப்பிப்பாறை இலேசான உடலும் வேகமும் கொண்டது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளக் கழகத்தில் தனி இனங்களாகப் பதிவு பெற்றவை. நம் நாட்டு நாய்களைப் பாதுகாப்புப் படைகளில் சேர்க்கும் முயற்சிகளும் நடந்து வருகின்றன. 

தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியையும் குறைவாக எண்ண வேண்டாம். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, பாசமாக வளர்த்தால் தோப்புக்கு அதை விடச் செலவு குறைந்த காவல் இல்லை.

கடித்துவிட்டால்

தடுப்பூசி போட்ட வீட்டு நாய் கடித்தாலும் அலட்சியம் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் தடவ வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். தோலுக்குள் போடும் தடுப்பூசி கடிபட்ட அன்றும், அதன் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடப்படும். ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

முடிவாக

வீட்டோடு வைத்து, கோடையில் உள்ளே படுக்க இடம் கொடுத்து, தினமும் ஒரு மணி நேரம் செலவிட முடிந்தவருக்குப் பாக்சர் அருமையான துணை. பகல் முழுவதும் தோப்பில் கட்டிப் போட நினைப்பவருக்கு அது ஏற்ற இனம் அல்ல. அவர்கள் கோம்பையையோ ராஜபாளையத்தையோ நல்ல நாட்டு நாயையோ தேர்ந்தெடுக்கலாம். எந்த நாயானாலும் கீற்றுக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் தயாரான பிறகே குட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

மேலும் விவரங்களுக்கு அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கால்நடை அவசர ஊர்தி சேவைக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.